இருபத்தேழாம் நம்பர் எலி

டெலிபோன் அலறியது!

மாத்தளை பொலிஸ் ஸ்டேஷன். 1974, பெப்ரவரி. வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணி.

இன்ஸ்பெக்டர் பதுர்தீன் அப்போதுதான் சீனியில்லாத தேத்தண்ணியை வாயில் வைத்தார். அந்த வருஷம் சீனியைக் கண்ணால் காண்பதே அரிது. அரிசி கூப்பனுக்கு அளந்துதான் கிடைத்தது. கோதுமை மாவு லொறி வந்தால் ஊரே பின்னால் ஓடியது. வெறுந்தேத்தண்ணியையாவது நிம்மதியாகக் குடிக்கலாமென்றால் இந்தச் சனியன் விடுகிறதா?

எடுத்தார்.

"மாத்தளை பொலிஸ்."

"இன்ஸ்பெக்டர்... நான் டொக்டர் சுந்தரலிங்கம்... அலுவிகாரை ஈரல் ஆராய்ச்சி நிலையம்... உடனே வாங்க! ஸக்கரியா... என்னோட உதவியாளர்... செத்துக் கிடக்கிறார்!"

"ஸக்கரியாவா?!"

பதுர்தீனுக்குத் தலையில் இடி விழுந்தது.

இரண்டு ஐம்பதுக்கு இதே டெலிபோனில் அந்த ஸக்கரியா பேசியிருந்தான். "சேர், ஒரு பெரிய விஷயம்... போன்ல சொல்ல ஏலாது" என்றான். "நாளைக்குக் காலையில வாங்க தம்பி" என்று சொல்லி வைத்தவர் இவர்தான்.

நாளைக்கு!

"கணபதி! ஜீப்பை எடு!"

சார்ஜன்ட் கணபதி பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து தொப்பியைத் தேடி ஓடினார்.

* * *

விகாரையைத் தாண்டி, கொக்கோ மரங்களுக்கு நடுவே ஏறும் ரோட்டில் அந்தப் பழைய பங்களா. வெள்ளைக்காரத் தொரை போன பிறகு அது ஆராய்ச்சி நிலையமாகியிருந்தது.

தொரை போத்தல் அடுக்கி வைத்த சின்ன அறைதான் இப்போது குளிர் அறை. யன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு. தாழ்ப்பாள் வெளியே.

உள்ளே ஸக்கரியா குப்புறக் கிடந்தான். வயது முப்பதுகூட இராது. வலது கை கதவை நோக்கி நீண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய உலோக ஜாடி சரிந்து கிடந்தது.

காயமில்லை. ரத்தமில்லை. உதடு மட்டும் நீலம்.

"இது எப்படி டொக்டர்?"

டொக்டர் சுந்தரலிங்கம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஐம்பது வயது. மடிப்புக் கலையாத களிசான். ஈரல் நோய்க்குப் புது மருந்து கண்டுபிடித்ததாக வெளிநாட்டுக்குப் படம் அனுப்பி, அடுத்த மாதம் லண்டனில் பெரிய பதவி. பத்திரிகையில் படம்கூட வந்திருந்தது.

"அந்த ஜாடிக்குள்ள நைட்ரஜன், இன்ஸ்பெக்டர். தண்ணி மாதிரி இருக்கும். ஐஸைவிடப் பல மடங்கு குளிர். கீழ கொட்டினா ஆவியாகி அறையெல்லாம் நிறைஞ்சிடும். மூச்சுக் காத்தைத் தள்ளிடும். மணமில்ல, இருமல் இல்ல... ஆள் சுருண்டு விழுவான்."

"ஜாடி தானா சரிஞ்சிருக்கலாமே?"

"சரியலாம். ஆனா நாலேகாலுக்கு நான் வந்து பாக்கிறப்ப தாழ்ப்பாள் வெளியில போட்டிருந்திச்சே!"

கொலை!

"இண்டைக்கு பங்களாவுல யார் யார்?"

"நான், ஸக்கரியா, அழகையா. ஜெஸீமாதான் நைட்ரஜன் வேலை எல்லாம் பாக்கிற பொண்ணு. தங்கச்சி கலியாணத்துக்குப் பக்கத்துல நாலந்தா ஊருக்குப் போயிருக்கு, மூணு நாள் லீவு."

"அழகையா?"

டொக்டர் கதவுப்பக்கம் விரலை நீட்டினார்.

அங்கே ஒருவன் நின்றான். நெஞ்செலும்பை எண்ணிவிடலாம். எலிக் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, எலிகளுக்குத் தீனி வைக்கும் வேலைக்காரன். வீடு பக்கத்துத் தோட்டத்தில், கூலிகள் வாழும் லயத்தில்.

"காலையில இவனுக்கும் ஸக்கரியாவுக்கும் பெரிய சண்டை" என்றார் டொக்டர். "கொட்டகையில ஸக்கரியா கத்தினது என் ரூம் வரைக்கும் கேட்டிச்சு."

பதுர்தீன் திரும்பினார்.

"என்னத்துக்கு சண்டை அழகையா?"

பதிலில்லை.

"ரெண்டு ஐம்பதுக்குப் பொறகு எங்க இருந்த?"

"கொட்டகையிலங்க ஐயா."

"யாராவது பார்த்தாங்களா?"

"எலிங்கதாங்க இருந்திச்சு."

"சண்டை எதுக்கு?"

மறுபடி மௌனம். கணபதிக்குப் பொறுக்கவில்லை.

"டேய்! வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?"

"சாமி சத்தியமா நான் செய்யல்லீங்க..." அவ்வளவுதான். மற்றதை அவன் விழுங்கிக்கொண்டான்.

பதுர்தீன் டொக்டரிடம் வந்தார்.

"கோபிக்க வேணாம், கேக்கிறது என் கடமை. அந்த நேரம் நீங்க?"

டொக்டர் சிரித்தார்! பிணம் கிடக்கும் வீட்டில் சிரிப்பா என்று கணபதிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வாங்க, காட்டுறேன்."

பங்களாவின் மறுகோடி அறை. மேசையில் ஒரு குறிப்புப் புத்தகம். ஒரு சின்ன நைட்ரஜன் ஜாடி. அதற்குள் கம்பியில் கோர்த்த பன்னிரண்டு அலுமினியச் சிமிழ்கள்.

"இருபத்தேழாம் நம்பர் எலி. ரெண்டரைக்கு ஈதர் குடுத்து மயக்கி, ஈரலுக்கு மருந்து ஏத்தினேன். எட்டு நிமிஷத்துக்கு ஒரு துண்டு ஈரல். வெட்டினதும் அந்தக் கணமே உறைய வைக்கணும். பன்னிரண்டு துண்டு. ரெண்டு முப்பத்தஞ்சுலருந்து நாலு மூணு வரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்ப ஏலாது. நடுவுல போனா எலி முழிச்சிடும், இல்லாட்டிச் செத்துடும்."

ஒவ்வொரு சிமிழிலும் பென்சில் எழுத்து. இருபத்தேழு. திகதி. நேரம்.

"பென்சிலா?"

"நைட்ரஜன்ல மை உதிர்ந்து போயிடும்."

"அந்த எலி?"

"வழக்கம் போல எரிச்சாச்சு."

பன்னிரண்டு சாட்சி. ஒன்றும் வாய் திறந்து பேசாது!

அன்று பின்னேரமே அழகையாவின் கையில் விலங்கு விழுந்தது.

* * *

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெஸீமா ஸ்டேஷனுக்கு வந்தாள். கலியாண வீட்டு மருதாணி கையில் சிவந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது.

"யா அல்லாஹ்... ஸக்கரியா நானாவுக்கு இப்படி ஒரு மௌத்தா! சேர், அழகையா இதைச் செய்யல்ல."

"யார் செஞ்சது தங்கச்சி?"

"தெரியாது. ஆனா டொக்டர் பன்னிரண்டு துண்டு உறைய வெச்சாரா? அவரா?" ஜெஸீமாவின் உதடு கோணியது. "ரெண்டு வருஷமா அந்த வேலையை நான்தான் செய்றேன். அவருக்குக் கை நடுங்கும்."

பதுர்தீன் கதிரையை முன்னால் இழுத்தார்.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க."

"ஈரலைக் கடுகளவு வெட்டணும் சேர். அதை மெதுவா குளிராக்கினா உள்ள இருக்கிற தண்ணி ஊசி ஊசியா ஐஸாகி, எல்லாத்தையும் குத்திக் கிழிச்சிடும். ஊசி முளைக்க நேரம் குடுக்காம ஒரே நொடியில உறையணும்."

"நைட்ரஜன்ல போட்டா உறைஞ்சிடுமே?"

"அதான் எல்லாரும் விடுற பிழை! நேரா போட்டா நைட்ரஜன் கொதிக்கும். துண்டைச் சுத்தி ஆவி நின்னுக்கும். காஞ்ச தோசைக் கல்லுல தண்ணி சொட்டு ஒட்டாம ஓடுதே, அப்படித்தான். குளிர் உள்ள போக நேரமாகும். அதுக்குள்ள ஊசி முளைச்சிடும். அதனால சின்னக் கிண்ணத்துல ஃப்ரிட்ஜுல ஓடுற ஃப்ரியோன் வாயுவை நைட்ரஜனால திரவமாக்கி, அதுக்குள்ளதான் முக்கி எடுக்கணும். பொறுமை வேணும் சேர். கொலை செய்துட்டு ஓடி வந்தவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது."

பதுர்தீன் நிமிர்ந்தார்.

"பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?"

"சாதாரண மைக்ரஸ்கோப்புல ஏலாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வேணும். நம்ம துண்டெல்லாம் மெட்ராஸுக்குத்தான் போகும். அங்க மெல்லிசா சீவிப் படம் எடுத்து அனுப்புவாங்க. அவசரத்துல உறைய வெச்சதுன்னா படமெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும்."

கணபதி இதையெல்லாம் கேட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

"எலி ஈரலுக்கு மெட்ராஸ் பயணமா? அந்தக் கொட்டகையில பார்த்தேன் சேர், எலிக்குன்னு வெளிநாட்டுலருந்து பால்மா, கோதுமை மாவு, கருவாட்டுத் தூள்! இங்க மனுஷனுக்கு மரவள்ளிக் கிழங்குக்கே வழியில்ல!"

பதுர்தீன் அன்றே டொக்டரிடம் போனார். சிமிழ்களை அனுப்பச் சம்மதமா என்று கேட்டார். டொக்டர் மறுப்பார், தடுமாறுவார் என்று எதிர்பார்த்தார்.

"தாராளமா அனுப்புங்க!" என்றார் டொக்டர். "பொலிஸ் சீல் வெச்சே அனுப்புங்க. லண்டன் போறதுக்கு முந்தி என் பேர்ல ஒரு கறை இருக்கக் கூடாது."

ஜெஸீமாவின் முகம் கொஞ்சம் வாடியது.

* * *

ஐந்து வாரம்.

அழகையா ரிமாண்டில் கிடந்தான். பதினான்கு நாளைக்கு ஒரு தடவை கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். மறுபடி உள்ளே. தாழ்ப்பாள், சண்டை, மௌனம்... மூன்றும் சேர்ந்தால் கண்டி போகம்பரைச் சிறையில் தூக்குக் கயிறுதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அழகையா உட்பட.

மூன்றாவது வாரம் அவன் பெண்சாதி ராசம்மா ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகள் கூட நின்றன. மூன்று பிள்ளைகள் என்று பதுர்தீனுக்கு ஞாபகம்.

"சின்னவன் எங்க?"

"நேத்து போயிட்டாங்கய்யா." ராசம்மா அழவில்லை. அழுவதற்கு உடம்பில் தண்ணீர் வேண்டுமே. "கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு நடந்தேன். வழியிலயே..."

ரிமாண்டுக்குப் போய் அதைச் சொன்னவர் பதுர்தீன்தான். இருபது வருஷ சேவையில் அப்படியொரு வேலையை அவர் செய்ததில்லை.

அழகையா சுவரையே பார்த்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கடைசியா என்னங்கய்யா சாப்பிட்டான்?"

பதுர்தீனுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அன்று முழுக்க அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

* * *

மார்ச் கடைசி. மெட்ராஸிலிருந்து கவர் வந்தது!

அன்று அழகையாவின் கோர்ட் நாள். ஸ்டேஷன் கூண்டுக்குள் கம்பியைப் பிடித்தபடி நின்றான். டொக்டரும் ஜெஸீமாவும் வந்து உட்கார்ந்தார்கள்.

டொக்டருக்கு அடுத்த நாள் ப்ளேன்.

ஜெஸீமா கவரைப் பிரித்தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள். பன்னிரண்டு.

ஒன்று... இரண்டு... மூன்று...

முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

"சொல்லுங்க தங்கச்சி. ஓட்டை இருக்கா?"

"இல்ல சேர்."

"ஒண்ணுலயுமா?"

"ஒண்ணுலயும் இல்ல. ஒரு ஐஸ் ஊசிகூட இல்ல. அருமையா உறைய வெச்சிருக்கு."

போச்சு! எல்லாம் போச்சு!

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, இன்ஸ்பெக்டர். வரட்டா? பெட்டி கட்ட வேண்டியிருக்கு."

நம்பி வந்த சாட்சி எதிரிப் பக்கம் போய் நின்றுவிட்டது.

ஜெஸீமா மட்டும் படத்தை விடவில்லை. கண்ணீர் சொட்ட, பழக்கதோஷத்தில் முணுமுணுத்தாள்.

"நல்ல ஈரல்... எவ்வளவு சீனி மணி சேர்த்து வெச்சிருக்கு. வயிறு நிறையச் சாப்பிட்ட எலி."

கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"என்ன மிஸ் சொன்னீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். அழகையா கம்பியில் முகத்தை அழுத்தியிருந்தான்.

"எந்த எலி மிஸ் வயிறு நிறையச் சாப்பிட்டிச்சு?"

"இருபத்தேழு, அழகையா. இந்தக் கறுப்புப் புள்ளி எல்லாம் சீனி. சாப்பிட்ட உடம்பு அதை ஈரல்ல சேத்து வைக்கும். ஒரு நாள் பட்டினி போட்டா எல்லாம் கரைஞ்சிடும்."

"ஒரு நாளா?" அவன் குரல் உடைந்தது. "அப்ப அது இருபத்தேழு இல்ல மிஸ்! இருக்கவே முடியாது!"

"உளறாதடா!" டொக்டர் எழுந்தார்.

பதுர்தீன் கையை உயர்த்தினார். பொலிஸ் மூக்கு ஒன்று உண்டல்லவா, அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"அழகையா, கொஞ்சம் பொறு. டொக்டர், உக்காருங்க. பெட்டியைப் பொறகு கட்டலாம். அந்த எலியை எங்கருந்து எடுத்தீங்க?"

"கொட்டகையிலருந்துதான்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்குக் கொஞ்சம் முந்தி. கூண்டுலருந்து நேரா மேசைக்கு."

"அதுக்கு நீங்க ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களா? அண்டைக்கு? முந்தின நாள்?"

"நானா?" டொக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எலிக்குச் சோறு வைக்கிறதா என் வேலை? அது இவன் வேலை! அந்த நாத்தத்துக்குள்ள நான் கால் வைக்கிறதே எப்பவாவது ஒருக்கா!"

"எழுதிக்கோ கணபதி. ஒரு சொல் விடாம." பதுர்தீன் கூண்டுப் பக்கம் போனார். "இப்ப சொல்லு அழகையா."

அழகையா கம்பியை விட்டுவிட்டான். கீழே குந்தினான்.

"புதன்கிழமை காலையிலருந்து எலிங்களுக்கு ஒரு பருக்கை வைக்கல்லீங்க ஐயா. தண்ணி மட்டும்தான் வெச்சேன். மாவு, பால்மா, கருவாட்டுத் தூள்... அதுங்களோட பங்கு முழுசையும் நான் லயத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். பிள்ளைங்க மூணு நாளா..."

அவனால் முடிக்க முடியவில்லை.

"வியாழக்கிழமை சண்டை?"

"அதுக்குத்தாங்க. பையோட போறப்ப ஸக்கரியா ஐயா பிடிச்சிட்டாரு. கத்தினாரு. எலிங்க செத்தா ரெண்டு வருஷ வேலை போயிடும்னு கத்தினாரு. பொறகு என் மூஞ்சியைப் பார்த்தாரு. பையைத் திருப்பி என் கையிலயே குடுத்திட்டாரு. அவரோட சோத்துப் பார்சலையும் மேல வெச்சாரு ஐயா!"

"அட மடையா! அதை அண்டைக்கே சொல்லியிருந்தா?"

"திருடினதைப் பிடிச்சாரு, அதனால கொன்னுட்டேன்னு சொல்லுவீங்கன்னு பயந்தேங்க. ராசம்மாவையும் பிடிச்சு அடைச்சா பிள்ளைங்களை யாருங்க பாப்பாங்க? இப்ப சின்னவனே போயிட்டான். இனி என்னத்தை ஒளிக்க?"

"பொய்!" டொக்டர் மேசையைக் குத்தினார். "ஒரு கூலிக்காரன் உயிர் தப்பக் கதை கட்டுறான்! என்ன அத்தாட்சி?"

"இருக்கு!" ஜெஸீமா துள்ளி எழுந்தாள். "எடை எழுதின காட் இருக்கு! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எலிங்களை நிறுப்பேன் சேர். கொலைக்கு மறுநாளும் நிறுத்தேன். ஒண்ணு விடாம முப்பது கிராம் குறைஞ்சிருந்திச்சு. வியாழக்கிழமை கலவரத்துல ஒரு வேளைத் தீனி தவறிப் போச்சுன்னு நினைச்சேன். ஒரு வேளைக்கு அவ்வளவு குறையாது! ரெண்டு நாள் பட்டினிதான்!"

"அப்ப இந்தப் படத்துல இருக்கிற ஈரல் யாருடையது?"

ஜெஸீமா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு மெதுவாகத் திரும்பி டொக்டரைப் பார்த்தாள்.

"பத்தொன்பதாம் நம்பர் எலி. ஜனவரியில இதே வேலையை நான் பழகிப் பார்த்தேன். இதே மருந்து, இதே எட்டு நிமிஷம், பன்னிரண்டு துண்டு. பெரிய ஜாடிக்குள்ள போட்டு வெச்சேன். எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும் சேர். இவ்வளவு சுத்தமா உறைய வைக்க இவருக்கு ஏழு ஜென்மம் வேணும்!"

பென்சில் எழுத்து. அழிறப்பரால் ஒரு தேய்ப்பு. அதன்மேல் புதுப் பெயர். ஆகப்பெரிய விஞ்ஞானிக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

டொக்டர் கதவைப் பார்த்தார். கதவில் கணபதி நின்றார். அகலமான மனுஷன்.

"அந்த மருந்து ஈரலைக் குணமாக்கும்னு வெளிநாட்டுக்குப் படம் அனுப்பினீங்க" என்றார் பதுர்தீன். "அதைப் பத்தித்தானே ஸக்கரியா எங்கிட்ட பேச வந்தான்?"

டொக்டரின் களிசான் மடிப்பு முதல் தடவையாகக் கலைந்தது. கதிரையில் சரிந்தார்.

"அனுப்பினது மருந்தே குடுக்காத எலியோட படம்... அவன் கண்டுபிடிச்சிட்டான். லயத்து ஆளுங்களுக்கு அதை ஊசி போடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் துடிச்சான். போன்ல உங்களோட பேசினதைக் கேட்டேன். குளிர் அறையில படச்சுருள் இருக்கு, எடுத்துத் தர்றேன்னு கூட்டிட்டுப் போனேன்... ஜாடியிலருந்த பழைய சிமிழ்களை எடுத்துக்கிட்டு, அதைச் சரிச்சுட்டு வெளியில வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அஞ்சு நிமிஷம் தட்டினான். பொறகு தட்டல்ல."

"அந்த அஞ்சு நிமிஷமும் நீங்க?"

"எழுத்தை அழிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜெஸீமா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பதுர்தீன் விலங்கை எடுத்து அந்த நடுங்கும் கைகளில் மாட்டினார். ஆத்திரத்தில் கொஞ்சம் இறுக்கியே மாட்டினார் என்பதை மறைப்பானேன்!

* * *

அன்று மத்தியானமே நீதவான் அழகையாவை விடுவித்தார்.

ராசம்மா கோர்ட் மரத்தடியில் நின்றாள். அவன் அவளருகே போய் நின்றான். மூத்தவன் அப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டான். கழுத்து தப்பிவிட்டது, வீட்டில் ஒரு பாய்தான் இனி விரிக்க வேண்டாம்.

"ஸக்கரியா ஐயா வீட்டுக்கு ஒருக்கா போகணும் ஐயா" என்றான் அழகையா. "அவங்க பொஞ்சாதிக்கிட்ட அந்தச் சோத்துப் பார்சலைப் பத்திச் சொல்லணும்."

"ஜீப் இருக்கு. ஏறு" என்றார் பதுர்தீன்.

பக்கத்தில் கணபதி தலையைச் சொறிந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷன். ஒரு என்ட்ரி விட்டுப் போனாலும் ராத்திரி தூக்கம் வராது.

"சேர்... ஒண்ணு கேக்கலாமா?"

"கேட்டுத் தொலை."

"அழகையா நம்ம முன்னாலயே திருட்டை ஒத்துக்கிட்டான். மாவு, பால்மா, கருவாட்டுத் தூள். சட்டப்படி புத்தகத்துல பதியணுமே?"

பதுர்தீன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"தாராளமா பதி கணபதி! முறைப்பாட்டுக்காரரோட கையெழுத்து மட்டும் வேணும். போய் அந்த எலிங்களை வரிசையா கூட்டிட்டு வா!"